மறுப்பதற்கு ஓர் ஒத்திகை

கண்ணாடிக்கடைக்காரருக்கு ‘மாட்டேன்’ என்ற சொல் வாயில் வராது. தொண்டை வரை வரும். அங்கே நின்று ஒரு முறை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ‘அதுக்கென்ன’ என்று வெளியே வரும். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கின்மேல் சட்டத்தை ஏற்றி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா முன்னால் போட்டது தெளிவா என்று கேட்பது அவர் தொழில். அவரிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் இரண்டுமே தெளிவு என்றிருப்பார்.

இந்தச் சுபாவத்தோடு நாற்பத்தெட்டு வயது வரை வண்டி ஓடிவிட்டது. அக்கா ஒருநாள் போனில் தன் முடிவைச் சொன்னபோதுதான் அச்சு முறிந்தது. அத்தான் இனிமேல் தம்பியின் கடையில் உட்காருவார்; கல்லாவையும் நிர்வாகத்தையும் அவரே பார்த்துக்கொள்வார். அத்தான் தங்கமான மனிதர், அதில் சந்தேகமில்லை. ஆனால் அக்கா பிடித்துக்கொடுத்த இரண்டு கடைகளில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். இரண்டிலும் இப்போது பூட்டுத் தொங்குகிறது. ‘அதுக்கென்னக்கா’ என்று சொல்லி முடித்த பிறகுதான் கடைக்காரருக்கு வியர்த்தது.

வீட்டுக்காரி கத்தவில்லை. தட்டில் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உங்க அக்கா கேட்டா கிட்னியக்கூட கொடுங்க. அது ரெண்டு இருக்கு. கடை ஒண்ணுதான் இருக்கு,” என்றாள்.

அத்தான் வர இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் இந்த மனிதரை ஒரு ‘மாட்டேன்’ சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அவளே விசாரித்து, மனநல ஆலோசகர் ஒரு அம்மாவிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள்.

அந்தக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். இரண்டிலும் மனநல ஆலோசகர் என்றுதான் எழுதியிருந்தது. எது அம்மாவின் கதவு என்று கடைக்காரர் யோசித்துக்கொண்டு நின்றபோது இடப்பக்கக் கதவு திறந்தது. தாடி வைத்த ஒருவர் எட்டிப்பார்த்து, “வாங்க,” என்றார். இல்லைங்க, நான் எதிர்க் கதவுக்கு வந்தவன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியம் ‘இல்லை’யில் அல்லவா தொடங்குகிறது. கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

தாடிக்காரரின் வைத்தியம் மௌனம். வந்தவரின் பேரைக்கூடக் கேட்க மாட்டார். வந்தவர் வாயிலிருந்து தானாக எது முதலில் வருகிறதோ அதுவே நூல்முனை, அதைப் பிடித்துக்கொண்டு போனால் சிக்கல் தானே அவிழும் என்பது அவர் கொள்கை. அன்று தான் எதிர்பார்த்த புது ஆள் வரவேயில்லை என்பது அவருக்குத் தெரியாமல் போனதும் இந்தக் கொள்கையால்தான். சாம்பல் நிறத் திரை, ஒரு மேசைவிளக்கு, ஒரு பெட்டித் துடைதாள், எதிரே கிணற்றில் போட்ட கல்லாக ஒரு மனிதர். அவ்வளவு பெரிய மௌனத்துக்குள் கடைக்காரர் அதுவரை உட்கார்ந்ததில்லை. முதலில் அது காதை அடைத்தது. பிறகு மெல்ல மெல்ல, கடையடைத்த தெருவில் தனியாக நடப்பதுபோல அதில் ஒரு சுகம் தெரிந்தது. அந்தச் சுகத்துக்குப் பயந்து, தான் பிறந்ததிலிருந்து சொல்லத் தொடங்கினார். “ம்,” என்றார் தாடிக்காரர். நேரம் முடிந்ததும், அடுத்த புதன்கிழமை பார்ப்போம் என்றார். அதுக்கென்ன என்றார் இவர்.

வெளியே வருவதற்குள் எதிர்க் கதவு அம்மா போனில் பிடித்துவிட்டார். ஏன் வரவில்லை என்றார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டுத் திங்கட்கிழமைக்கு ஒப்புக்கொண்டார்.

அம்மாவின் அறையில் மௌனத்துக்கு இடமே கிடையாது. அவருடைய வைத்தியம் பயிற்சி. சின்னப் பயத்தில் தொடங்கிப் பெரிய பயம் வரை படிக்கட்டு மாதிரி அடுக்கி, ஒவ்வொரு படியிலும் நிற்க வைத்து ‘மாட்டேன்’ சொல்லச் சொல்வார். காலி நாற்காலியை அக்கா என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். கடைக்காரர் நாற்காலிக்கு வணக்கம் வைத்தார். வாசலில் துடைப்பம் விற்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது வீட்டுப்பாடம். மூன்று துடைப்பங்களோடு வீடு திரும்பினார்.

இரண்டு இடத்துக்கும் போவதை இரண்டு இடத்திலும் சொல்ல வழியில்லை. ஆனால் ஓரிடத்தில் கேட்டது இன்னோரிடத்தில் வாயில் வந்துவிடும். அப்போது தாடிக்காரரை ‘எங்க மாமா’ என்றும், அம்மாவை ‘எங்க சித்தி’ என்றும் சொல்லிச் சமாளித்தார். அங்கேதான் வினை முளைத்தது. இந்த மாமாவிடம் போனால் ஒன்றும் சொல்லாமல் முறைத்துக்கொண்டே இருப்பாராம், இவர் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவாராம் என்று கேட்ட அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோய்க்கு மூலமே அக்கா அல்ல, மாமாதான் என்று தீர்மானித்தார். எதிர் அறையிலோ, வளர்ந்த மனிதனைத் துடைப்பம் வாங்க அனுப்பும் சித்தியைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, தாடிக்காரர் தன் விரதத்தையே முறித்துக்கொண்டார். அந்தம்மா உங்கள ஆட்டி வைக்கிறாங்க என்று ஒரு முழு வாக்கியம் பேசினார்.

ஆக, இரண்டு மாத வைத்தியத்தில் கடைக்காரருக்கு மறுக்க முடியாத ஆட்கள் இரண்டு பேர் கூடினார்கள்.

கடைசித் திங்கட்கிழமை வந்தது. மறுநாள் காலை அத்தான் கடைக்கு வருகிறார். அம்மா கையைப் பிசைந்தபடி அறைக்குள் நடந்தார். அக்காவிடம் நேராகப் போவது பெரிய படி, அதற்கு முன் மாமாவிடம் ஒருமுறை நேருக்கு நேர் சொல்லிவிட்டால் நாக்குப் பழகிவிடும் என்றார். மாமா வீடு எங்கே என்று கேட்டார்.

“பக்கத்துலதான்,” என்றார் கடைக்காரர்.

“அப்ப வாங்க, இப்பவே போவோம். துணைக்கு நானும் வரேன்.”

வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அது. கடைக்காரர் எழுந்து முன்னால் நடந்தார். கதவைத் திறந்தார், நடைபாதையைக் கடந்தார், எதிர்க் கதவைத் தட்டினார்.

“இங்க ஏன் நிக்கிறீங்க?” என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது.

தாடிக்காரர் கடைக்காரரைப் பார்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற தன் மனைவியைப் பார்த்தார். அந்த மௌனம் அவருடைய முறையைச் சேர்ந்தது அல்ல.

“இவர்தான் மாமாவா?” என்றார் அம்மா.

“இதான் சித்தியா?” என்றார் தாடிக்காரர்.

வருகிறவர்களைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்பது அந்தத் தம்பதியின் தொழில் தர்மம். இருபது வருடமாக அதைக் கட்டிக் காத்ததன் பலன் இப்போது நடைபாதையில் நின்று விழித்துக்கொண்டிருந்தது.

“புருஷன் பொண்டாட்டின்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சித்தப்பான்னே சொல்லியிருப்பேன்,” என்றார் கடைக்காரர் மிகுந்த மரியாதையோடு.

மூவரும் தாடிக்காரரின் அறைக்குள் போனார்கள். இவர் யாருடைய ஆள் என்பதில் தொடங்கியது பேச்சு. இன்னும் இரண்டே படிதான் பாக்கி என்றார் அம்மா. இப்போதுதான் மனிதர் திறக்கத் தொடங்கியிருக்கிறார், படிக்கட்டு கட்டி அதைக் கெடுத்துவிட்டாய் என்றார் தாடிக்காரர். பிறகு பேச்சு மெல்ல அவர்கள் வீட்டுச் சமையலறை வரை போயிற்று.

“வீட்டுலயும் இதே ‘ம்’தான். கேஸ் தீந்துபோச்சுன்னு சொன்னாலும் ‘ம்’. அதுக்கு என்ன அர்த்தம்னு நான் கண்டுபிடிக்கணும்.”

“நீ எனக்குக் கொடுக்கிற வீட்டுப்பாடத்த முடிச்சிட்டுத்தானே நான் பேச முடியும்?”

கடைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. இருவரும் கெட்டிக்காரர்கள், நல்லவர்கள். அவருக்காகத்தான் சண்டை போடுகிறார்கள். ஆனால் கடைசியாக அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? அத்தானாவது கடையில்தான் உட்காரப் பார்க்கிறார். இவர்கள் தனக்குள்ளேயே ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்காரப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. அந்த நினைப்பு வில்லை சரியாகப் பொருந்தியதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது.

அதற்குள் தம்பதி ஒரு சமாதானத்துக்கு வந்திருந்தார்கள். இனிமேல் இரண்டு பேருமாகச் சேர்ந்தே அவரைப் பார்ப்பது, வாரம் இரண்டு தடவை.

“சரிதானே?” என்றார் அம்மா.

“வேண்டாங்க,” என்றார் கடைக்காரர்.

சொன்னது தானா என்று அவரே திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

அம்மா இரண்டு கையையும் தட்டினார். தாடிக்காரரின் தாடிக்குள் சிரிப்புத் தெரிந்தது. பயிற்சி பலித்துவிட்டது என்றார் ஒருவர். மௌனம் விளைந்துவிட்டது என்றார் மற்றவர். மறுபடியும் பிடித்துக்கொண்டார்கள். கடைக்காரர் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

நாக்கில் சூடு ஆறுவதற்குள் பேசிவிட வேண்டும். படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று அக்காவுக்குப் போன் செய்தார்.

“அக்கா, அத்தான் கடைக்கு வர வேண்டாம்க்கா.”

மறுமுனை அசையவில்லை. அந்த இடைவெளியில் வழக்கமாக அவர் விழுந்து எழுந்து பத்துச் சமாதானம் சொல்லியிருப்பார். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி நின்றார்.

“என்னடா சொல்றே?”

“எனக்குச் சரிப்படாதுக்கா. கடைய நானே பாத்துக்கிறேன்.”

“உன்ன யாரு இப்படிப் பேசச் சொன்னா? அவளா?”

“யாரும் இல்ல. நான்தான்.”

அக்கா பெருமூச்சு விட்டாள். மூக்கை உறிஞ்சினாள். தூக்கி வளர்த்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். கடைக்காரருக்குக் கண் கலங்கியது; தொண்டையில் அந்தப் பழைய ‘அதுக்கென்ன’ வந்து நின்றது. அதை விழுங்கினார். “அதெல்லாம் மறக்கலக்கா. ஆனா வேண்டாம்,” என்றார்.

அக்கா போனைக் கையால் பொத்தினாள். பொத்தியது போதவில்லை. “ஏங்க, அவன் வேண்டாங்கிறான்,” என்று உள்பக்கம் சொன்னது கேட்டது.

“அப்பாடா,” என்றது அத்தானின் குரல்.

“என்னது?”

“ஒண்ணும் இல்ல. வேணாங்கிறவன ஏன் தொந்தரவு பண்ணணும்னு சொன்னேன்.”

“இல்ல, நீங்க அப்பாடான்னீங்க.”

“கடைன்னாலே எனக்கு வயித்தக் கலக்கும்டி. மொதக் கடைலேருந்தே அப்படித்தான். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்...”

“அத இத்தன வருஷம் வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?”

அத்தான் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. தம்பி காத்திருப்பதை அக்கா மறந்தே போனாள். கடைக்காரர் சத்தம் வராமல் போனை அணைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடையைத் திறக்கப் போனார்.