மதினியின் மூச்சு

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்துக்கு முன்னால் ஹமீது பீவி மதினி வந்துவிடுவார். என் வீட்டுக்காரரின் அக்காள். ஏரலில் எங்கள் தெருவிலேயே வீடு. பிள்ளையை மடியில் போட்டு, குர்ஆன் சூரா ஓதி, உச்சியில் ஊதிவிட்டுத்தான் மறுவேலை.

என் மகன் அப்ராருக்கு ஐந்து மாதம். பிறந்ததிலிருந்து சளி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண். திருநெல்வேலியில் டாக்டர் பிரேமலதா ரத்தத்தைச் சோதித்துவிட்டு எங்களை உட்காரவைத்தார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னால தைமஸ்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. நோயை எதிர்க்குத அணுக்கள் அங்கன போய்த்தான் வளரும். வளரும்போது சேருத கழிவைக் கரைக்க ஒரு நொதி வேணும். உங்க பையனுக்கு அது இல்ல. கழிவே விஷமாகி அணுவையெல்லாம் கொன்னுருது. சின்னச் சளிகூட இவன் உயிருக்கு ஆபத்து."

நல்லவேளை, அவன் அக்காள் தஸ்மியாவின் எலும்பு மஜ்ஜை பொருந்தியது. சென்னையில் மாற்றுவார்கள். அதுவரை யாரும் அவனை நெருங்கக் கூடாது. நான் கதவைச் சாத்தினேன். தெருவே என்னைத் திமிர் பிடித்தவள் என்றது. சொல்லட்டும், எனக்கென்ன?

மதினி கேட்பாரா? நான் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து உள்ளே வந்துவிட்டார். நான் திரும்பினால், பிள்ளைமேல் குனிந்து உதட்டைக் குவித்துக்கொண்டு நிற்கிறார்.

"மதினி! இவனுக்கு முந்துன பிள்ளைக்கும் இப்படித்தானே ஊதுனிய! அவன் மவுத்தாத்தானே போனான்?"

ஆறு மாதத்தில் எங்களைவிட்டுப் போன மகனைச் சொன்னேன். மதினி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் மூச்சா கொன்றது? அவனுக்கும் இதே குறைதான் இருந்திருக்கும், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வருவது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். பயம் வந்தால் வாய் எங்கே நிற்கிறது?

சென்னைக்குக் கிளம்பும் காலையில் வேன் வந்து நின்றது. மதினியும் வந்தார், முகத்தில் மாஸ்க்கோடு. வாசல்படி ஏறவில்லை.

"முஃபீதா, தஸ்மியாகிட்ட எங்கன எடுப்பாவ?"

"இடுப்பெலும்புல, மதினி."

தஸ்மியாவைப் பைய அருகில் இழுத்தார். "இவகிட்டருந்துதானே அவனுக்குப் போவுது. அப்ப இங்கன ஊதிக்கிடுதேன். பயப்படாத, மாஸ்க்கக் கழத்த மாட்டேன்."

சட்டைக்கு மேலேயே இடுப்பில் கைவைத்து ஓதினார். குனிந்து ஊதினார். மாஸ்க்தான் உப்பியது, காற்று எங்கே வெளியே வந்தது? "கூசுது மாமி" என்று தஸ்மியா நெளிந்தாள்.

மதினி நிமிர்ந்து, நான் திட்டுவேனோ என்று என்னைப் பார்த்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"மதினி, அந்தப் பக்கத்து எலும்புலயும் எடுப்பாவளாம். அங்கனயும் ஊதுங்க."