சந்தைக்குக் கிளம்பும் காசுகள்

மலைமேல் இருக்கும் குண்டூர் நாட்டில், பாப்பாத்தி வீட்டுப் பால்பவுடர் டப்பாவில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு காசுகளில் இரண்டைத் தவிர மற்றவையெல்லாம் சனிக்கிழமைதோறும் விடியற்காலை ஐந்து மணிக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கிளம்பின. ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கி, மரவள்ளிக் காட்டு வரப்பில் உருண்டு, ரோடு வருவதற்கு முந்தைய காலத்து ஒற்றையடிப் பாதையைப் பிடித்துவிடும். பாப்பாத்தி முறத்தை எடுத்துக்கொண்டு ஓடி, பெரும்பாலும் இரண்டாவது பலாமரத்துக்குள் மடக்கிவிடுவாள். அந்த வருஷம் மிளகு கிலோ ஐந்நூற்று ஐம்பது.

காசுகளைச் சேர்த்தவன் அவள் புருஷன் மணிவண்ணன். பழைய காசு ஒவ்வொன்றுக்கும் லட்சக்கணக்கில் கிடைக்கும் என்று செல்போனில் எவனோ பேசியதைக் கேட்டுவிட்டு, இரண்டு மகசூல் மிளகில் பாதியைப் பழைய கெட்டி அஞ்சு ரூபாய்க்கும் மழுங்கிய ஒரு ரூபாய்க்குமாகச் சந்தையில் கொட்டியவன் அவன். நோட்டை நீட்டியவர்களிடம் காசு இருந்தால் கொடுங்கள் என்று கேட்டு, ஒன்றுக்கு மூன்றாக மிளகை அளந்து போட்டான். சந்தையே சிரித்தது. சிரிப்புப் பொறுக்காமல் ஒரு நாள் போர்வெல் வண்டியில் ஏறி ஒரிசாப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். "காசை மட்டும் செலவு பண்ணிறாத புள்ள. வெலை ஏறும். நான் வந்து பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். முதல் வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. அப்புறம் அந்த நம்பரே இல்லை என்றது. காசுகள் கிளம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பல வருஷம் அந்தச் சந்தையிலேயே கைமாறித் தேய்ந்தவை, சனிக்கிழமை வந்தால் இருப்புக் கொள்ளாதுதானே என்று அக்கம்பக்கத்தார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாப்பாத்திக்கும் இருப்புக் கொள்ளவில்லை. வைத்திருப்பதா, தொலைத்துத் தலைமுழுகுவதா என்று ஆறு மாதம் அல்லாடினாள். டப்பாவை ஆட்டுக்கல்லோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தாள். உள்ளே கிடந்து உலுக்கிய உலுக்கலில் நாய் குரைத்தது. கடைசியில் சேலத்தில் பழைய காசு வாங்கும் கோகுல்நாத்திடம் கொண்டுபோய்க் கொட்டினாள். அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து இரண்டை மட்டும் ஒதுக்கினார்.

"இது ரெண்டும் கைபடாத காசுங்கம்மா. இருநூறு தாரேன். மத்ததெல்லாம் புழங்கித் தேஞ்சது. அஞ்சு ரூபாய்னா அஞ்சு ரூபாய்தான்."

"வெச்சிருந்தா ஏறாதுங்களா?"

"தேஞ்சதுக்கு எங்கீங்க ஏறும்?"

ஒதுக்கிய இரண்டும் சனிக்கிழமைகளில் அசையாமல் கிடந்தவை. அவற்றை விற்றுவிட்டு, வரும் வழியில் பஸ் கண்டக்டரிடம் ஒரு கெட்டி அஞ்சு ரூபாயைக் கொடுத்தாள். அதன் கனம் பிடித்துப்போய் அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை, லீவில் இருந்த கண்டக்டர் பேளுக்குறிச்சிச் சந்தையில் வெந்தயக் கடைக்கு முன்னால் திருதிருவென்று நின்றார். "கை இழுத்துட்டு வந்துருச்சுங்கக்கா" என்றார். காசைப் போட்டு வெந்தயம் வாங்கியதும் கையை உதறிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். பிறகு வரவே இல்லை. மிளகு விற்க வந்திருந்த பாப்பாத்தி அதைப் பார்த்து நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

வைத்துக்கொண்டால் புருஷன் சொல் மிஞ்சும். வெளியே விட்டால் ஒன்றாவது அவன் கைக்குப் போகும், போகாமலும் போகும். மூன்று வாரம் சோறு இறங்கவில்லை. அப்புறம் டப்பாவை மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு திருச்செங்கோடு போனாள். போர்வெல் வண்டிகள் நிற்கும் ரோட்டோர டீக்கடைகளில், "ஒரிசாப் பக்கம் போறீங்களா? சில்லறை வேணுமாங்க?" என்று கேட்டுக் கேட்டு, நாலு நடையில் அத்தனையையும் நோட்டாக மாற்றினாள். சில்லறை வேண்டாம் என்று சொன்னவர் யாருமில்லை.

அதற்குப் பிறகு பேளுக்குறிச்சிக்கு வெளியூர் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்கு வியாழக்கிழமையே கை இழுத்தது. ராய்ப்பூரிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். கட்டாக்கிலிருந்து ஒரு நர்ஸ் சீருடையோடு வந்தாள். ஒரு மாப்பிள்ளை முகூர்த்தத்தை விட்டுவிட்டு மாலையோடு வந்து கடுகு வாங்கிப் போனான். காசைச் சந்தையில் செலவழித்தவர்கள் கையை உதறிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனார்கள். திரும்பவும் பையில் போட்டுக்கொண்டவர்கள் அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். டீக்கடை அர்த்தனாரி இரண்டு பெஞ்சு கூடுதலாகப் போட்டார். பாப்பாத்தி மிளகு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்கும் முகங்களைப் பார்த்தாள். இப்படி இரண்டு வருஷம் போனது.

மூன்றாம் வருஷம் கார்த்திகையில், மிளகு அறுநூற்று எண்பது விற்ற சனிக்கிழமை, மணிவண்ணன் வலது கையை இறுக மூடிக்கொண்டு வந்து நின்றான். தாடியில் பாதி நரைத்திருந்தது. அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"வெலை ஏறாதுன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. உம்மூஞ்சில எப்படி முழிக்கறதுன்னு போன் பண்ணல. நேத்து முந்தாநாளிருந்து கை இழுத்துட்டு வந்துருச்சு புள்ள."

"கை இழுக்காட்டி வந்திருக்க மாட்டீங்க."

அவன் மூடிய கையை விரித்துக் காட்டினான். அவன் கையில் இருந்தது கெட்டி அஞ்சு ரூபாய். அதை அவனிடமே விட்டுவிட்டால் வாரம் தவறாமல் சனிக்கிழமை வந்து நிற்பான், அது உறுதி. வாங்கிவிட்டால் மற்றவர்களைப் போல அவனும் உதறிக்கொண்டு போய்விடலாம். சனிக்கிழமை மட்டுமாவது போதுமே என்று அவள் மனசு கெஞ்சியது.

"அதை இங்க குடுங்க" என்றாள்.

வாங்கி, கூடப் பதினைந்து ரூபாய் சேர்த்து அர்த்தனாரியிடம் கொடுத்து இரண்டு டீ சொன்னாள். மணிவண்ணன் எல்லோரையும் போலக் கையை உதறினான். திருச்செங்கோடு பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவன் அதைப் பார்த்தான். பாப்பாத்தி டீயின் நுரையைப் பார்த்தாள். அவ்வளவு பயம் அவளுக்கு வாழ்நாளில் வந்ததில்லை. பஸ் போன பிறகும் சத்தம் காதில் இருந்தது.

"மலை பஸ்ஸு இப்பவும் மூணரைக்குத்தானா?" என்று கேட்டான்.

"மூணேகாலுக்கு மாத்திட்டாங்க."

காலிச் சாக்குகளை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் முன்னால் நடந்தான். அர்த்தனாரியின் கல்லாப்பெட்டி அன்று முதல் கொஞ்சம் கனம் கூடியது. அதில் விழுந்த காசு ஏற்கெனவே சந்தையில் இருப்பதால் எங்கும் கிளம்புவதில்லை. வெளியூர் ஆட்கள் இன்னும் வருகிறார்கள், கடுகும் வெந்தயமும் வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு மணிவண்ணன் தானாக எழுந்து மிளகு மூட்டையைக் கட்டினான். பாப்பாத்தி பக்கத்தில் போய் அவனுடைய இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.