பின்னறையிலிருந்து இரண்டு தட்டு

என் அத்தான் டெஸ்மண்ட் முப்பது வருடம் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை செய்தவர். அவர் ஓய்வு பெற்ற அன்று பள்ளிக்கூடங்கள் தப்பித்தன, நாங்கள் மாட்டிக்கொண்டோம். மேற்பார்வை செய்ய ஆளில்லாமல் ஒரு குளிர்காலம் முழுக்கத் தவித்தவர், வசந்தத்தில், படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய கேரவன் வண்டி ஒன்றை வாங்கினார்.

விற்றவர் ஆர்விட் என்ற கிழவர். டாசன் க்ரீக் என்ற ஊரில் தனியாக இருந்தார். வண்டி பார்க்கப் போனபோது நானும் இருந்தேன். முன் இருக்கைகளுக்குப் பின்னால் தன் கையாலேயே ஒரு பலகைத் தடுப்பு அடித்திருந்தார், சரளைச் சாலையின் தூசு படுக்கைப் பக்கம் போகாமலிருக்க. தடுப்பில் ஓர் இழுப்புக் கதவு. அதை மூடிவிட்டால் பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்று முன்னால் தெரியாது. வடக்கே கேரவனில் சுற்றுகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு கதை உண்டு: மனைவி பின்னால் தூங்குகிறாள் என்று நினைத்து, அவளைப் பெட்ரோல் பங்க்கில் விட்டுவிட்டு அடுத்த ஊர் வரை போனவன் கதை. அவன் எப்போதும் வேறு யாரோதான். சொல்கிறவன் அல்ல.

ஆர்விட் எங்களை ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டிக் காட்டினார். கிளம்புமுன் பலகையில் இரண்டு தட்டு தட்டினார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். பிறகு, சரி என்று தலையாட்டிவிட்டு கியரைப் போட்டார்.

“பின்னால இருக்கிறவங்க பதிலுக்கு ரெண்டு தட்டணும். அது வராம வண்டி நகரக் கூடாது,” என்றார்.

பின்னால் அன்று யாருமில்லை. என் அக்கா வெர்னா அவருடைய சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். தனியாக இருந்து இருந்து கிழவருக்குக் கழன்றுவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். அத்தானுக்கோ அந்த இரண்டு தட்டு வேதமாகிவிட்டது. அந்தக் கோடையில் தங்கிய முகாம் ஒவ்வொன்றிலும், நெருப்பைச் சுற்றி நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், அது ‘டெஸ்மண்ட் முறை’ என்று விளக்கினார்.

ஆகஸ்ட் கடைசியில், துருவப் பக்கம் போகிற டெம்ப்ஸ்டர் என்ற சரளைச் சாலையில் வடக்கே போனோம். நான் வைட்ஹார்ஸில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். அந்தச் சாலையில் டயர் கிழியும், மாற்ற ஆள் வேண்டும் என்று தெரிந்துதான் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முகாம்களில் அத்தான் என்னைத் ‘தொழில்நுட்ப ஆலோசகர்’ என்று அறிமுகப்படுத்துவார்.

அன்று காலை ஆற்றங்கரை முகாமில் அக்கா தேநீர்க் கோப்பையோடு இறங்கி வந்தாள். அவளுக்கு இடுப்பு டிஸ்க்கில் கோளாறு. உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது, பின்னால் படுத்துக்கொண்டுதான் வருவாள்.

“லைல், என் போர்வையை மடிச்சு வச்சது நீயா?”

“என் போர்வையையே நான் மடிச்சதில்லக்கா.”

“நேத்து சாயங்காலம் இறங்கும்போது சுருட்டிப் போட்டுட்டு இறங்கினேன். திரும்ப ஏறினா நாலா மடிச்சிருக்கு, ஆஸ்பத்திரிப் படுக்கை மாதிரி.”

“அதிர்வு,” என்றார் அத்தான். “சரளை ரோட்டு அதிர்வுல துணி தன் மடிப்புக்குத் தானே திரும்பிடும்.”

“அப்படியா? உங்க சட்டை மட்டும் ஏன் இன்னும் திரும்பலே?”

“வெர்னா, இது விஞ்ஞானம்.”

“அப்ப தட்டுற சத்தம்? வண்டி நிக்கும்போது, நான் படுத்திருக்கும்போது, தலைமாட்டுல ரெண்டு தட்டு.”

“அலுமினியம். வண்டித் தகடு பகல்ல விரியும், ராத்திரி சுருங்கும். சத்தம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. மனசு உண்டாக்குறது.” இதைச் சொல்லும்போது, மாணவன் ஒருவனை வகுப்புக்கு வெளியே நிறுத்துவதுபோல் விரலை நீட்டினார்.

மதியம் ஓகில்வி மேட்டில் நின்றோம். கீழே மலைக்குப் பின் மலை. செடியெல்லாம் அந்தப் பருவத்தின் சிவப்பு. ஒரு தகவல் பலகை, ஒரு கழிப்பறை, காற்று. வேறொன்றும் இல்லை. தக்காளி சூப்பைக் குடித்தோம். அத்தான் தகவல் பலகையை எங்களுக்குப் படித்துக் காட்டினார், எங்களுக்கு எழுத்துத் தெரியாது என்பதுபோல். அக்கா டப்பாவை எடுத்துக்கொண்டு ப்ளூபெர்ரி பறிக்கச் சரிவில் இறங்கினாள். மெல்லிய ஸ்வெட்டர்தான் போட்டிருந்தாள், அப்போது வெயில்.

இங்கே ஒரு விஷயம். கேரவனுக்குள் கழிப்பறை இருந்தது. ஆனால் அதன் தொட்டியைக் காலி செய்வது அத்தானின் பொறுப்பு. ஆகவே வெளியே கழிப்பறை கண்ணில் பட்டால் உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது என்று சட்டம். அக்கா பெர்ரி பறித்து முடித்ததும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வெளிக் கழிப்பறைக்குப் போனாள்; அது எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

நான் டயர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏறினேன். இழுப்புக் கதவு மூடியிருந்தது. அத்தான் பலகையில் தட்டினார்.

டக், டக்.

உள்ளிருந்து வந்தது: டக், டக்.

“பாத்தியா மாப்ளே? ஒழுங்குன்னா இதுதான்,” என்று வண்டியை எடுத்தார்.

மேட்டைத் தாண்டியதும் மேகம் இறங்கிவிட்டது. எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. சாலையோரம் குட்டை ஸ்ப்ரூஸ் மரங்கள், நோயாளிகள் வரிசையில் நிற்பதுபோல் சாய்ந்து சாய்ந்து நின்றன. பின்னால் ஒருமுறை ஏதோ நகர்ந்தது. ஒரு டம்ளர், அல்லது ஒரு கால். “எழுந்துட்டா,” என்றார் அத்தான். பனி கலந்த மழை கண்ணாடியில் விழத் தொடங்கியது.

ஈகிள் பிளெயின்ஸில் பெட்ரோல் பம்ப் அருகே நிறுத்தினார். வழக்கம்போல் பலகையில் தட்டினார், வந்துவிட்டோம் என்பதற்கு. உள்ளிருந்து உடனே இரண்டு தட்டு. நான் கேட்டேன். மிக அருகில், பலகைக்கு அந்தப் பக்கம் உள்ளங்கையை வைத்தால் தொடும் தூரத்தில்.

“காப்பி குடிக்கலாமா, வெர்னா?” என்று அத்தான் கதவை இழுத்தார்.

யாருமில்லை. படுக்கையில் போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. பெர்ரி டப்பா இல்லை. அக்காவின் கனத்த கோட்டு ஆணியில் தொங்கியது. பின்பக்கக் கண்ணாடியின் திரை ஒரு கையகலம் விலகியிருந்தது.

அத்தான் கழிப்பறையைத் திறந்து பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். அவருடைய மனைவி நல்ல கனமான பெண். சாமான் அலமாரியில் எப்படி இருப்பாள் என்று நான் கேட்கவில்லை. அவர் முகம் அப்படி இருந்தது.

பெட்ரோல்கூடப் போடாமல் வண்டியைத் திருப்பினோம். கிளம்பும்போது அவர் கை பழக்கத்தில் பலகைப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது. கையை ஸ்டியரிங்குக்குக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

அந்த மேட்டில் போன் வேலை செய்யாது. வெயில் போய்விட்டது. பெர்ரி பழுக்கிற இடத்துக்கு அக்கா மட்டுமே வருவாள் என்றில்லை. கரடிக்கும் அதுதான் சாப்பாட்டு மேசை.

“நீயும் கேட்டே இல்ல?” என்றார் திடீரென்று.

“என்ன அத்தான்?”

“தட்டினதை. பதில் வந்துச்சு. நீ சாட்சி.”

“காலையில சத்தம்னு ஒண்ணு கிடையாதுன்னீங்களே. அலுமினியம்னீங்க.”

“அலுமினியம் எப்படிடா சரியா ரெண்டு தட்டும்!” என்று கத்தினார்.

அவருடைய நிலைமை எனக்குப் புரிந்தது. பின்னால் யாரும் இல்லை என்றால், மனைவியைக் காட்டில் விட்டுவிட்டு வந்த மடையர் அவர். மடையர் இல்லை என்றால், பின்னால் யாரோ இருந்தார்கள். கோடை முழுவதும் மனதின் மாயை என்று அவர் விரட்டிய ஒன்று, இப்போது அவருக்குத் தேவையாக இருந்தது. அது எங்களுக்குப் பின்னால், ஒரு பலகைத் தொலைவில் இருந்தது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“கிளம்புறதுக்கு முன்னாடி நான் ஒருதடவை இறங்கிப் பாத்திருக்கலாம்,” என்றார். சின்னக் குரல். அந்தக் குரல் அவரிடம் இருந்ததே எனக்குத் தெரியாது.

மேட்டுக்கு வந்தபோது மலைகள் மறைந்துவிட்டன. தகவல் பலகை மட்டும் ஈரத்தில் நின்றது. சரிவில் கரடிச் சாணம், ஊதா நிறத்தில், புதிது. சரிவில் அதற்குச் சற்று மேலே பெர்ரிகள் சிதறிக் கிடந்தன.

“வெர்னா!”

காற்று அந்தப் பெயரைக் கொஞ்ச தூரம் கொண்டுபோய்க் கீழே போட்டது. அத்தான் செடிகளுக்குள் ஓடினார், விழுந்தார், எழுந்தார். முழங்கால் வரை சேறு. கழிப்பறைக்கு முன் வந்து நின்றார். கதவின் வெளிப்பக்கம் நீளமாக நான்கு கீறல். வெள்ளையாக, மரத்தூள் இன்னும் உதிராமல். கைப்பிடியை இழுத்தார். உள்ளே தாழ் போட்டிருந்தது.

அவர் தட்டினார். இரண்டு தட்டு. வேறு விதமாகத் தட்ட அவருக்குத் தெரியவில்லை.

உள்ளிருந்து இரண்டு தட்டு.

அத்தான் கதவிலிருந்து பின்வாங்கினார். மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று துள்ள வேண்டிய மனிதர், அந்தச் சத்தத்தைக் கேட்டு நடுங்கினார். “பேசு,” என்றார். “தட்டாதே. தயவுசெஞ்சு பேசு.”

உள்ளே டப்பா மரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு,

“யோவ், தட்ட மட்டும் நல்லாத் தெரியுதுய்யா உனக்கு. பல்லு கிட்டிக்கிட்டுப் பேச்சு வரலே. கரடி போயிடுச்சா?”

தாழைத் திறந்து வெளியே வந்தவளுக்கு நான் கோட்டைப் போர்த்தினேன். அக்காவின் உதடு நீலம்; குளிரா பெர்ரியா தெரியவில்லை. டப்பாவை விடாமல் பிடித்திருந்தாள். அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக உரை எதுவும் தயாராக இல்லை.

“வண்டி கிளம்புற சத்தம் கேட்டு ஓடி வந்தேன்,” என்றாள். “கத்திக்கிட்டே ஓடினேன். பின் கண்ணாடியில திரை விலகிச்சு. லைல்னு நினைச்சுக் கையை ஆட்டினேன். அவ பாத்துக்கிட்டே இருந்தா, வளைவு வரைக்கும்.”

“அவளா?” என்றேன்.

அக்கா கேரவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் படுக்க மாட்டேன் என்றாள். இடுப்பு போனால் போகட்டும் என்று, முன் இருக்கைகளுக்கு நடுவே குளிர்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். மூவரும் முன்னால். ஹீட்டர் ஓடியது. அத்தான் சாவியைத் திருப்பிவிட்டு கியரில் கை வைத்தார்.

“தட்டுங்க,” என்றாள் அக்கா.

“எதுக்கு? நாமதான் எல்லாரும் இங்க இருக்கோமே.”

“ஆர்விட் சமையலறையில ஒரே ஒரு கோப்பைதான் இருந்துச்சு. எனக்குக் காப்பி கொடுத்துட்டு அவர் கிண்ணத்துல குடிச்சார். பொண்டாட்டி தவறிப் போய் ஆறு கோடை ஆச்சுன்னார். ஆறு கோடையும் இந்த வண்டியைத் தனியாதான் ஓட்டினாராம். தட்டாம ஒருநாளும் கிளம்பினதில்லையாம்.” அவள் கைகளைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். “நீங்க தட்டினீங்க. அவ பதில் சொன்னா. அவ மேல என்ன தப்பு? நீங்க கேட்டதுக்குத்தானே பதில் சொன்னா.”

அத்தான் தட்டினார். மெதுவாக, ஆஸ்பத்திரிக் கதவைத் தட்டுவதுபோல்.

காத்திருந்தோம். மழை கூரையில் விழுந்தது. பதில் வரவில்லை.

மறுபடி தட்டினார். ஒன்றுமில்லை. இத்தனை நாளும் வந்தது இப்போது வராமல் போனது, வந்ததைவிட மோசமாக இருந்தது. அத்தான் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்கவில்லை. அவர் ஒருபோதும் நம்பாத ஒருத்திக்காக, அவரே ஊர் ஊராகப் பரப்பிய விதியில் மாட்டிக்கொண்டு, வெறும் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“நீங்க என்னைத் தேடும்போது வண்டிக் கதவெல்லாம் திறந்து கிடந்துச்சு இல்ல?” என்று அக்கா கேட்டாள்.

“ஆமா,” என்றேன்.

என்னைத் தாண்டி அவள் இறங்கினாள். சைடு கண்ணாடியில் பார்த்தேன். பின்கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. சரிவைப் பார்த்தாள், எங்கள் கால்தடங்களுக்கு அப்பால், சிவப்புச் செடிகள் பனிமூட்டத்தில் முடிகிற இடத்தை. அந்த இடத்தில் தனியாக விடப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவள் எவ்வளவு நேரம் நிற்பாளோ அவ்வளவு நேரம் நின்றாள். வண்டி லேசாக, ஒரு ஆள் ஏறினால் அமுங்குகிற அளவுக்கு, அமுங்கியது. கதவைச் சாத்தினாள்.

ஈரத்தோடு வந்து குளிர்பெட்டியில் உட்கார்ந்தாள்.

டக், டக், என்றது பலகை.

“எல்லாரும் வந்தாச்சு,” என்றாள் அக்கா. “எடுங்க வண்டியை.”