கை வைக்காத படம்

கேமராவைப் பார்க்கவைக்க என்னால் முடியாத குழந்தை இன்னும் பிறக்கவில்லை என்று பீற்றிக்கொண்டிருந்தவள் நான். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வரும் வாண்டு எவ்வளவு வீறிட்டு அழுதாலும் சரி, சாவிக்கொத்தை ஆட்டுவேன், பூனையாகக் கத்துவேன், ஸ்டூலில் ஏறிக் குரங்குச் சேட்டை செய்வேன். ஒரு நொடி பார்த்தால் போதும். வீட்டு முன்னறையில் நாங்கள் நடத்தும் ஸ்டூடியோவுக்கு நல்ல பெயர் வந்ததே அந்த ஒரு நொடியால்தான்.

அப்புறம் எனக்கு மகள் பிறந்தாள்.

இப்போது இரண்டே கால் வயது. சாவிக்கொத்தை ஆட்டினால் சாவியைப் பார்ப்பாள், ஆட்டுகிற என்னைப் பார்க்கமாட்டாள். பின்னால் நின்று பத்து முறை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடி வருவாள், ஆகவே காதில் கோளாறில்லை. வேண்டியதை விரல் நீட்டிக் காட்டமாட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய், என் கையைத் தண்ணீர்க் குழாயின் மேல் வைப்பாள். லென்ஸ் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது நிற்கும்வரை குனிந்து பார்த்து, மறுபடி சுழலவிடுவாள், மதியம் முழுக்க. முன்பு சொல்லிக்கொண்டிருந்த மூன்று வார்த்தைகளும் எங்கோ போய்விட்டன.

கணவரிடம் சொன்னேன். "எதையாவது படிச்சிட்டு வந்து குழந்தைமேல ஏத்தாத" என்றார். நானும் சளைக்கவில்லை. குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் டாக்டரிடம் மூன்று மாதம் காத்திருந்து நேரம் வாங்கினேன். காலை பத்து மணி. தவறவிட்டால் இன்னும் மூன்று மாதம்.

முந்தின நாள் மாலை, கணவர் தன் அக்காவை வரவழைத்துவிட்டார். ஆரம்பப் பள்ளி டீச்சர். குழந்தைகள் விஷயத்தில் அண்ணி சொல்வதுதான் எங்கள் வீட்டில் சட்டம்.

"ஓடியாடித் திரியிற குழந்தைக்கு நீயே ஒரு நோயைத் தேடிப் பிடிக்கிறியா?" என்றாள் அண்ணி. "இவனே நாலு வயசுலதான் பேசினான்."

"நோய்னு நான் சொல்லலையே அண்ணி. என்னன்னு பார்க்கலாம்னுதான் சொல்றேன்."

"பார்த்தா முத்திரை குத்திடுவாங்க. அப்புறம் எந்த ஸ்கூல்ல சேர்ப்பே?" சுவரில் பெரிதாக மாட்டியிருந்த படத்தைக் காட்டினாள். "அங்க பாரு. போன வருஷம் எடுத்தது. கண்ணு எப்படி நேரா பார்க்குது! அப்படியே என் தம்பி கண்ணு. நாளைக்கு யாரும் எங்கேயும் போக வேண்டாம்."

கணவரும் அந்தப் படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். ஆனால் அந்தப் படத்தைச் செய்தவள் நான்.

அன்று அறுபத்து மூன்று முறை எடுத்தேன். ஒன்றில்கூட அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைக்குள் வருகிறவர்கள் முதலில் பார்க்கும் சுவர் அது. படக்காரி மகளே விட்டத்தைப் பார்த்தால் சிரிக்கமாட்டார்களா? அதே வாரம் அதே ஸ்டூலில் உட்கார்ந்த இன்னொரு குழந்தையின் கண்களை வெட்டி ஒட்டினேன். மூடின கண்ணைத் திறப்பதும் பருவை அழிப்பதும் எங்களுக்கு அன்றாட வேலை. அந்தக் கையோடு என் குழந்தையையும் பூசி மெழுகிவிட்டேன். வெட்கக்கேடு. இப்போது அந்தப் பொய் அவளுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது.

"அண்ணி, அது என் பொண்ணு கண்ணு இல்ல."

"என்ன உளர்றே?"

"மருந்துக்கடைக்காரர் பொண்ணு கண்ணு. நான்தான் வெட்டி ஒட்டினேன். அது உங்க தம்பி கண்ணு மாதிரியே இருக்குன்னா, மருந்துக்கடைக்காரரைத்தான் போய்க் கேட்கணும்."

அண்ணி படத்தருகே போய் உற்றுப் பார்த்தாள். கணவர் விறுவிறுவென்று போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தார். அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளத் தொடங்கினார். ஓரத்தில் சாவிக்கொத்தோடு என் கை. அவள் கண் ஃபேனில். அடுத்ததில் ரப்பர் வாத்து. கண் ஃபேனில். நாற்பதாவது படத்தில் அவர் கை நின்றுவிட்டது.

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எனக்கே நான் சொல்லிக்கலையே." கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகினேன். "யார் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. காலையில நான் போறேன். இத்தனை படத்தையும் எடுத்துக்கிட்டுப் போறேன்."

ஆஸ்பத்திரி விண்ணப்பத்துக்கு ஒரு படம் வேண்டும். அன்று இரவே அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். இந்த முறை சாவியில்லை, பூனையில்லை. அவள் பாட்டுக்கு ஃபேனைப் பார்த்தாள், தனக்குத்தானே சிரித்தாள். அப்போது எடுத்தேன். இத்தனை நாளில் அந்தச் சிரிப்பை நான் ஒருமுறையும் எடுத்ததில்லை.

அச்சுக்கு அனுப்புமுன் பழக்கதோஷத்தில் கணவர் மவுஸை அவள் கண்ணுக்குக் கொண்டுபோனார். மகள் என் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "கை வைக்காதீங்க."

காலையில் கிளம்பும்போது சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படத்தைக் கழற்றித் தரையில் திருப்பி வைத்துவிட்டு, அண்ணி மகளுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் விண்ணப்பத்தைப் புரட்டினாள். "குழந்தை நேரா பார்க்கலையேங்க. வேற நல்ல படம் இருக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் சொன்னார்: "இதுதாங்க நல்ல படம். அவ நேரா பார்க்கிறதில்லன்னுதான் வந்திருக்கோம்."