நாற்காலி ரெக்கார்டின் முதல் பக்கம்

இல்லை, இது அந்தப் பக்கம் இல்லை, டிரம் எங்கே, முதலில் டிரம் அல்லவா வர வேண்டும், யாரோ மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடுகிற மாதிரி ஒரு டிரம், இப்போதுதானே எல்லோர் முன்னாலும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள், ஊசி விழுந்ததும் பாருங்க, ஆளையே தூக்கிப் போடும் என்று... ஆனால் ஸ்பீக்கரிலிருந்து வருவது மழைச் சத்தம், அதற்கு அடியில் ஒரு பேஸ் கிடார், அவசரமே இல்லாமல், தெரிந்த தெருவில் நடந்து வருகிறவனைப் போல. இது இரண்டாம் பக்கம். பல் டாக்டர் மாற்றிப் போட்டுவிட்டார். சொல்லலாமா? சொல்லக் கூடாது. ரெக்கார்ட் ஓடும்போது யாரும் பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும், இது இந்தக் கூட்டத்தின் சட்டம், சட்டம் போட்டவர்களில் அவளும் ஒருத்தி. போன மாதம் மருந்துக் கடைக்காரர் பாட்டின் நடுவே "அடடா" என்று வாய்விட்டதற்கு அவரை முறைத்தவளும் அவள்தான். லேசாகக் கையைத் தூக்கிப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் உதட்டில் விரலை வைத்தார். பல் டாக்டர் கண்ணையே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கிளினிக் மூடியிருக்கும், நோயாளிகள் காத்திருக்கும் அறைதான் இவர்களுடைய சபை. வரவேற்பு மேசைமேல் டர்ன்டேபிள், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், சுவரில் ஆள் உயரக் கடைவாய்ப் பல்லின் படம், அறை முழுக்கக் கிராம்புத் தைல வாசனை. மாதம் ஒருவர் தனக்குப் பிடித்த ஒரு ரெக்கார்டைச் சிபாரிசு செய்ய வேண்டும், ஏன் பிடிக்கும் என்று முன்னால் நின்று சொல்ல வேண்டும், பிறகு இரண்டு பக்கமும் முழுசாக ஓடும், ஓடி முடிந்ததும் ஒவ்வொருவரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும், வீட்டுக்கு அல்லது கடைக்கு. வீட்டுக்கு என்றால் வாங்கி வைத்துக்கொள்ளத் தகுந்தது, கடைக்கு என்றால் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம், நடுவில் வேறு பேச்சில்லை. பல் டாக்டர் சிபாரிசு செய்வதெல்லாம் மூச்சு விடாமல் ஒரு பக்கம் முழுக்க ஆர்கன் வாசிக்கிற ஆட்கள். மருந்துக் கடைக்காரருக்கு மேடைக் கச்சேரியில் பதிவு செய்த ரெக்கார்ட்தான் வேண்டும், அதில் பாதி நேரம் கைதட்டல், அவரும் கூடவே தட்டுவார். கணக்கு வாத்தியாருக்கு எந்தக் கிடாரும் பிடிக்காது, ராக் எந்த வருஷத்தில் செத்துப்போனது என்று விரல்விட்டு நிரூபிப்பார், ஆனால் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. இந்த நாற்காலி ரெக்கார்டை எங்கோ பழைய கடையில் தோண்டி எடுத்துக்கொண்டு வந்ததும் அவரேதான். "உங்களுக்காகத்தான் அலைஞ்சேன், கண்ணாடியம்மா. நல்லா இல்லைன்னா நான் பொறுப்பில்லை." இங்கே அவள் பெயர் அதுதான், கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்துக் கண் பரிசோதிக்கிறவள்.

நாற்காலி ரெக்கார்ட் என்றால் அட்டையில் ஒரு நாற்காலி, மழையில், தெருவில், தனியாக. அவள் அந்த அட்டையை இன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். அவளிடம் இருந்தது கேசட். அண்ணன் யாரிடமோ ஒரே ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்து பதிவு செய்து கொடுத்தது, ஒரு பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒன்று, மறுபக்கத்தில் இரண்டு, வேறு எழுத்தே கிடையாது. அவன் கப்பல் வேலைக்குக் கிளம்பிய வாரம் அது. அவளுக்கு அப்போது அந்தப் பாட்டுகளில் பாதி புரியாது, அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பிடித்தாள். அண்ணன் கேசட்டை அவள் கையில் வைத்து, "கடைசிப் பாட்டு வரைக்கும் கேளு பாப்பா. நான் சொல்ல வேண்டியது எல்லாம் அதுல இருக்கு" என்றான். விடிவதற்குள் போய்விட்டான். ஒன்றாம் பக்கத்தில் ஒருவன் தடதடவென்று படி இறங்கி, வீட்டை விட்டுப் போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான், கிடார் தேய்ந்து தேய்ந்து மறைகிறது. இரண்டாம் பக்கத்தில் மழையில் நடந்து திரும்பி வருகிறான், சமையலறையில் விளக்கு எரிகிறது, கடைசிப் பாட்டின் கடைசியில் கதவு திறக்கும் சத்தம், நிஜமான கதவுச் சத்தம், அதோடு ஒரு ஆர்கன் ஒரே சுரத்தில் நின்றுவிடும். அவ்வளவுதான். வருவேன் என்று இதைவிடத் தெளிவாக ஒருத்தன் எப்படிச் சொல்ல முடியும்?

அந்த அண்ணன் இதோ, கதவோரத்து நாற்காலியில், மடியில் தோள்பையை வைத்துக்கொண்டு. நேற்று வந்தான், நாளைக் காலையில் வேறு ஊரில் வேலை இருக்கிறதாம், போகிற வழியில் தங்கச்சி வீடு. வந்ததிலிருந்து அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை, சோபாவில் உட்கார்ந்தாலும் மடியில், சாப்பிடும்போது காலுக்கு இடையில், ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி. சண்டை எதுவும் இல்லை, சண்டை போட்டிருந்தால் தேவலை. போனில் கேட்பான், சாப்பிட்டியா, உடம்பு எப்படி, அவளும் கேட்பாள், நீ சாப்பிட்டியா, அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். அம்மா படுக்கையில் கிடந்தபோது வாசல் பக்கம் சத்தம் கேட்டாலே தலையைத் திருப்புவாள், வந்துட்டானா, அவனா... அம்மாவுக்கு அவளேதான் சொன்னாள், வருவான்மா, எனக்குச் சொல்லிட்டுத்தான் போயிருக்கான். எதை நம்பிச் சொன்னாள்? ஒரு கேசட்டை. எல்லாம் முடிந்து மறுநாள் வந்து நின்றான். நேற்றுச் சாயங்காலம் அவன் கண்ணாடி கோணலாக இருக்கிறதே என்று கழற்றி வாங்கிக் காம்பை நிமிர்த்தி, அவள் கையாலேயே மாட்டிவிட்டாள், முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம்கூட இல்லை, அப்போது கேட்டிருக்கலாம், ஏன்ணா வரலை, வருவேன்னு சொல்லிட்டு ஏன் வரலை. "காதுல அழுத்துதா?" என்றுதான் கேட்டாள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாள்? அதனால்தான் இன்றைக்கு இழுத்துக்கொண்டு வந்தாள், ரெக்கார்டாவது கேட்கட்டும், விருந்தாளியாக வந்தவர்தான் முதலில் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது, அவன் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும். பல் டாக்டர் அட்டையை மேசையில் நிறுத்தி வைத்தபோது அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை, பல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவு திறக்கிறது... அதற்குள்ளா? ஆமாம், பக்கம் முடிகிறது, ஆர்கன் நிற்கிறது, ஊசி சும்மா கரகரவென்று சுற்றுகிறது. இனி எதற்கு மற்றப் பக்கம், கதையைக் கடைசியிலிருந்து சொன்னால் யாருக்கு என்ன விளங்கும், இத்தனை நாள் ஆசை ஆசையாய்ச் சேர்த்து வைத்ததெல்லாம் இப்படியா பாழாக வேண்டும்... பல் டாக்டர் எழுந்து ரெக்கார்டை எடுத்தார். அவள் அவசரமாகக் கையால் திருப்பிக் காட்டினாள், மாற்றிப் போட்டுவிட்டீர்கள், மாற்றி. அவர் புருவத்தை உயர்த்தினார், நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தை அவள் பக்கம் காட்டி ஒரு விரலை நீட்டினார். ஒன்று. இது ஒன்றாம் பக்கம். பிறகு திருப்பினார், இரண்டு விரல். மெதுவாகப் பிரஷ்ஷால் தூசி துடைத்தார், பல்லைத் துடைப்பதைவிடக் கவனமாக, ஊசியை இறக்கினார். தடதடவென்று டிரம் இறங்கி ஓடியது. மருந்துக் கடைக்காரர் நிஜமாகவே தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். கணக்கு வாத்தியார் அவளைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார், இதைத்தானே முதலில் வரும் என்றீர்கள் என்று கேட்கிற சிரிப்பு. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

ஆக, கேசட் தப்பு. ரெக்கார்ட் சரி, டாக்டர் சரி, அவள்தான் தப்பு, இத்தனை வருஷமும். எங்கேயாவது பார்த்திருக்க முடியாதா என்ன, போனில் தேடினால் தனித்தனியாகப் பாட்டு கிடைத்தது, இந்தப் பாட்டு ஒரு நாள், அந்தப் பாட்டு ஒரு நாள், எது முதல் எது கடைசி என்று பார்க்கத் தோன்றவே இல்லை, சொந்த வீட்டுக்கு யாராவது வழி விசாரிப்பார்களா? எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாளே, இது திரும்பி வருகிற ரெக்கார்ட் என்று. இல்லை. வந்தவன் போகிற ரெக்கார்ட் இது. கதவைத் திறந்து உள்ளே வருகிறான், பாதியில் எழுந்து கிளம்பிவிடுகிறான், கிடார் தேய்கிறது, திரும்பிப் பார்க்கவில்லை, முடிந்தது. அண்ணன் அன்றைக்கு எந்தக் கடைசிப் பாட்டைச் சொன்னான்? இதையா? நான் போறேன் பாப்பா, தேடாதே, அதையா சொன்னான்? அவசரத்தில் பக்கம் மாறிப் பதிவாகியிருக்கும், இரவல் ரெக்கார்ட், ஒரு நாள் கெடு, இரவு முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்து, எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதை வைத்திருப்பான். அவ்வளவுதான் விஷயம். அதை வைத்துக்கொண்டு இவள் ஒரு சத்தியமே கட்டிவிட்டாள், அம்மாவையும் அதை நம்ப வைத்தாள். சிரிப்பு வந்தது, சிரிக்கவும் கூடாது, சட்டம். ஒரு விதத்தில் நிம்மதிதானே? அவன் வருவேன் என்று சொல்லவே இல்லையென்றால் வாக்குத் தவறவும் இல்லை, இவ்வளவு கோபத்தையும் அவள் சும்மாவேதான் சுமந்திருக்கிறாள், இறக்கி வைத்துவிடலாம்... இறக்கி வைத்தால் பிறகு என்ன மிச்சம்? அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள், கிளினிக்கில் வைத்து, ஒரு டிரம்முக்கு.

கடையில் நாள் முழுக்க அவள் கேட்கிற கேள்வி ஒன்றுதான், லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, முதல்ல காட்டினது தெளிவா, இரண்டாவதா? சிலர் பதில் சொல்லத் தவிப்பார்கள், தப்பாகச் சொன்னால் அடி விழும் என்பது போல. இன்னொரு தடவை காட்டுங்க என்பார்கள். அவளும் காட்டுவாள், அலுத்துக்கொண்டே. கிடார் இப்போது தூரத்தில் போய்விட்டது, அவளுக்கு மனப்பாடமான தூரம்தான், ஆனால் கேசட்டில் இதற்குப் பிறகு ஒரு பாதி இருக்கும், கேசட்டைத் திருப்பிப் போடுவாள், மழை தொடங்கும். இங்கே ஊசி உள்வட்டத்துக்குப் போய் நின்றது. பல் டாக்டர் கண்ணைத் திறந்தார். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், கணக்கு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார், அவர் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் விருந்தாளிதான் முதலில்.

"சொல்லுங்க சார், வீட்டுக்கா, கடைக்கா?" என்றார் பல் டாக்டர். அண்ணன் எழுந்து நின்றான், பையோடு. போகப்போகிறான், அவள் நினைத்தாள், கதவு பக்கத்திலேயே இருக்கிறது, ஏதாவது மரியாதையாகச் சொல்லிவிட்டு வெளியே நிற்கப் போகிறான். அவன் டர்ன்டேபிளைத்தான் பார்த்தான். "இன்னும் முடியலையே" என்றான். மருந்துக் கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ரெண்டு பக்கமும் ஆச்சே சார்?" "ஆச்சு. ஆனா முதல் பக்கம் கடைசில வரணும். மறுபடி அதைப் போடுங்க." போட்ட பக்கத்தை அன்றைக்கே மறுபடி போடுவதில்லை, அதுவும் சட்டம், கணக்கு வாத்தியார் எடுத்துச் சொன்னார், சட்டத்தின் வரலாற்றோடு சொன்னார். அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் வேணும்னுதான் மாத்திப் பதிவு பண்ணேன்" என்றான், யாரைப் பார்த்தும் இல்லை, பல் படத்தைப் பார்த்து. "போறவன் போனதோட முடியுது இந்த ரெக்கார்டு. அப்படியே ஒரு சின்னப் பொண்ணு கையில குடுக்க மனசு வரலை."

பல் டாக்டர் அவளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் ரெக்கார்டைத் திருப்பினார். மழை தொடங்கியது. அண்ணன் உட்கார்ந்தான், பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான், காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினான். அவளுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், இருந்தது, நெஞ்சு கொள்ளாமல் இருந்தது, அவள் கேட்டது சரிதான், கேசட் பொய் சொல்லவில்லை, அவன் சொல்லித்தான் போனான்... சொல்லிவிட்டுத்தான் வரவில்லை. இப்போது அதற்கென்ன செய்வது? அவள் சின்னப் பெண், அழக் கூடாது என்று மாற்றிப் பதிவு செய்தானா, வரத்தான் போகிறோம் என்று அவனே நம்பிப் பதிவு செய்தானா? பேஸ் கிடார் தெருமுனை திரும்பியது, கதவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. சற்று முன்பு தற்செயல் என்று நினைத்தபோது அவனை எவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாள் என்று அவளுக்கு நினைவு வந்தது. கையை நீட்டி அவன் கண்ணாடிக் காம்பைச் சரிசெய்ய வேண்டும் போல இருந்தது, எழுந்திருக்கக் கூடாது, ரெக்கார்ட் ஓடுகிறது, அவள் தன் இடத்திலேயே உட்கார்ந்து கதவுச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.