பாப்பாவின் சுயவிவரமும் என் திருத்தங்களும்

1

இந்தக் கதை எனக்கு நேர்வழியில் வரவில்லை. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை மகள் ஒரு நேர்காணலுக்குப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "ஆச்சு" என்றாள். போகும்போது சாப்பாட்டு மேசையில் ஒரு காகித உறையை மறந்து வைத்துவிட்டாள். நான் பிரித்துப் படித்தேன்.

உறைக்குள் இரண்டு சுயவிவரங்கள். ஒன்று அவளே எழுதியது, ஒரே பக்கம். இன்னொன்று இணையத்தில் ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டி எழுதி வாங்கியது, இரண்டு பக்கம். இரண்டின் தலையிலும் அவள் பெயர்.

மறுநாள் உறையைத் தேடி வந்தவளிடம் உண்மையைச் சொன்னேன். இதைக் கதையாக எழுதட்டுமா என்றும் கேட்டேன்.

"எழுதுங்க பெரியம்மா. பேரு மட்டும் வேண்டாம். அது ஏற்கெனவே ஒரு காகிதத்துல மாட்டிக்கிட்டு முழிக்குது."

நாற்பத்தாறு வயதிலும் எங்கள் வீட்டில் அவள் பாப்பாதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"மழை விடாமல் பெய்துகொண்டிருந்த அந்தக் காலையில், இருபது ஆண்டுகள் உழைத்த மருத்துவமனையின் படிகளில் அவள் கண்ணீரோடு இறங்கி"

(அந்த வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். அழிக்கவில்லை.)

ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"அன்னைக்கு மழை இல்லையே?"

"கதைக்காக ஒரு மழை, பாப்பா."

"இருபது வருஷமும் இல்ல. பத்தொம்போது வருஷம் எட்டு மாசம்."

"சரிம்மா."

"படியில இறங்கவும் இல்ல. எங்க ரூம் தரைக்குக் கீழ இருக்கு. படி ஏறித்தான் வெளிய வந்தேன்."

கண்ணீரைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

3

ஆகவே கண்ணுகளா, மழை இல்லாமலே சொல்கிறேன்.

அது ஜன்னல் இல்லாத அறை. அறுவைச் சிகிச்சை முடிந்த கருவிகள் அங்கே வந்து சேரும். கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணித் தட்டில் அடுக்க வேண்டும். பிறகு துணியால் இரண்டு சுற்றுச் சுற்றி, சூடு பட்டால் நிறம் மாறும் பட்டை ஒட்டி, நீராவிப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். அறையில் நாலு பேர். எண்ணியவர் பட்டைமேல் தன் பெயரை எழுதுவார். எண்ணாமல் எழுதக் கூடாது.

அப்படி மூடிப் போன பொதியை வாங்குகிறவர்கள் மூன்றைத்தான் பார்ப்பார்கள்: பெயர், தேதி, பட்டை நிறம் மாறியிருக்கிறதா. தேவையில்லாமல் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். பிரித்துவிட்டால் அது கெட்டது. மறுபடி கழுவுவதிலிருந்து தொடங்க வேண்டும்.*

* இந்தப் பத்தியை நான் அலங்கரிக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு இடத்தில் "வெள்ளிக் கருவிகள்" என்று போட்டேன். "இரும்பு பெரியம்மா" என்றாள்.

அந்த மருத்துவமனை இந்த வேலையை வெளியாட்களிடம் ஒப்படைத்துவிட்டது. நாலு பேரையும் ஒரே நாளில் அனுப்பியது. பாப்பா ஏழு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஓர் இடத்திலிருந்தும் பதில் இல்லை. "உன்னை வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?" என்று கேட்டால், அதைக்கூடச் சொல்லவில்லையாம். கடைசியாக, புதிதாகத் திறக்கும் ஒரு மருத்துவமனையில் அதே வேலை ஒன்று காலி என்று விளம்பரம் வந்தது. ஒரே ஓர் இடம். அவள் வயதுக்கு இனி அந்தத் தொழிலில் வேறு கதவு திறக்கும் என்று அவளே நம்பவில்லை.

4

அவள் தானே எழுதிய ஒரு பக்கம் என் முன்னால் இருக்கிறது. "அறுவை அரங்குக் கருவிகளைக் கழுவி, எண்ணி, பொதி கட்டுவேன். எலும்பு அறுவை செட், கண் அறுவை செட் இரண்டும் தெரியும். பெட்டி சரியாகச் சூடாகவில்லை என்றால் உள்ளே போன பொதிகள் எல்லாவற்றையும் திருப்பி எடுத்துவிடுவேன், யார் அவசரப்படுத்தினாலும்."

இத்தனை வருடம் கதை எழுதியும் "யார் அவசரப்படுத்தினாலும்" போல ஒரு இடம் எனக்கு வாய்த்ததில்லை.

இணைய நிறுவனம் அந்தப் பக்கத்துக்கு இலவசமாக மதிப்பெண் போட்டது. நூற்றுக்கு முப்பத்துநாலு. சுற்றிலும் சிவப்பு வட்டம்.

"முப்பத்துநாலுன்னா ஃபெயில்தானே பெரியம்மா? அதான் ஏழு பேரும் கூப்பிடலைன்னு நெனைச்சேன். காரணம் கெடைச்சிருச்சேன்னு ஒரு நிம்மதிகூட வந்துது."

வட்டத்துக்குக் கீழே பணம் கட்டும் பொத்தான். கட்டினாள். இரண்டு நாளில் நிபுணரின் கருத்து வந்தது: வலுவான வினைச்சொற்களைப் பயன்படுத்துங்கள், சாதனைகளை எண்களில் காட்டுங்கள், தலைமைப் பண்பு தெரியவில்லை.

"நான் தலைமை இல்லை, நாலு பேரில் ஒருத்தி" என்று பதில் எழுதினாள். ஒரே நிமிடத்தில் மறுமொழி வந்தது: "அருமையான கேள்வி! எங்கள் பிளாட்டினம் திட்டம் இதற்கு உதவும்."

அதற்கும் கட்டினாள். அவள் வீட்டுக்காரர் மட்டும், "எனக்கும் ஒண்ணு சொல்லிவிடு. முட்டி வலிக்குப் பிளாட்டினம் நல்லதாம்" என்றாராம். அந்த வீட்டில் அந்த மாதம் யாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

5

இந்த இடத்தில்தான் நான் திணறினேன். நிபுணர் யார்? ஒரு பாத்திரத்துக்கு முகம் வேண்டாமா? எழுதிப் பார்த்தேன்.

"வாடகை அறையில், ஒரு நாளைக்கு நூறு சுயவிவரங்களைத் திருத்தும் அந்த இளைஞன், முதுகு வலியோடு"

இல்லை. அவன் இளைஞன் என்று எனக்கு யார் சொன்னது?

"குளிரூட்டிய அலுவலகத்தில் கால்மேல் கால் போட்டு"

இதுவும் இல்லை. கோபத்தில் எழுதியது.

"அங்கே ஆளே இல்லை, ஓர் இயந்திரம் மட்டும்"

இருக்கலாம். ஆனால் நிபுணரின் கருத்துக்கு அடியில் ஒரு மனிதப் பெயர் இருந்தது. பாப்பா நம்பியது அந்தப் பெயரைத்தான்.

பிளாட்டினம் சுயவிவரம் விண்ணப்பத்தின் கடைசி நாளில் வந்து சேர்ந்தது. கீழே பச்சை வட்டத்தில் "நிபுணரால் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு முத்திரை. அவள் அதை அப்படியே அனுப்பிவிட்டாள்.

"படிக்கவே இல்லையா பாப்பா?"

"பேரு பாத்தேன். தேதி பாத்தேன். முத்திரை இருந்துது." அந்தப் பச்சை வட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "மூடி வந்ததைப் பிரிச்சுப் பாத்துப் பழக்கமில்லை பெரியம்மா."

6

நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஓர் ஆள். அவருக்குப் பக்கத்தில் கிருமிநீக்கப் பிரிவின் தலைவி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட அம்மாள். அந்த அம்மாளின் மணிக்கட்டில் நீராவி சுட்ட பழைய தழும்பு இருந்ததாம். பாப்பாவுக்கும் அதே இடத்தில் உண்டு. நம்ம ஆள் என்று மனசு லேசாகியிருக்கிறது.

"தொற்று விகிதத்தை நாப்பத்திரண்டு சதவீதம் கொறைச்சிருக்கீங்க. எதுலேருந்து எதுக்கு?"

பாப்பாவுக்குப் புரியவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"முப்பத்தேழு பேர் கொண்ட குழுவை வழிநடத்தினீங்கன்னும் இருக்கு."

"நாங்க நாலு பேருதான் மேடம்."

"கடைசி வரி இன்னும் நல்லா இருக்கு," என்றார் பக்கத்து ஆள். "'ஓட்டல் துறையில் தீராத ஆர்வம் கொண்டவர்.' எங்க கேன்டீனுக்கு வந்தீங்களா, மேல வந்தீங்களா?" அவர் மட்டும் சிரித்தார்.

"அது நான் எழுதினது இல்ல."

"மேல உங்க பேருதானே இருக்கு?" அந்த அம்மாள் குரலை உயர்த்தவில்லை.

"ஆமா."

"நம்ம வேலையில பேரு போட்டா என்ன அர்த்தம்?"

பாப்பா பதில் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டது அவள் தொழிலைப் பற்றி.

"எண்ணிப் பாத்துட்டேன்னு அர்த்தம் மேடம்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "சொல்லியனுப்புறோம்."

7

(முந்தைய பகுதிக்கு இன்னொரு வடிவம் இருந்தது. அதில் பாப்பா எழுந்து நின்று, பத்தொன்பது வருடம் எட்டு மாதத்தையும் சேர்த்து ஒரு பேச்சுப் பேசுவாள். கேட்டவர்கள் தலைகுனிவார்கள். எழுதும்போது என் கண்ணே கலங்கியது.)

படித்துவிட்டு அவள் சொன்னாள்: "நான் இவ்ளோ பேசலை."

"பேசியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும். ஆனா பேசலையே." பக்கத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "நீங்களும் பிளாட்டினம் திட்டம்தான் பெரியம்மா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு ஒரு வாரம் பேனா ஓடவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? மழையைச் சேர்த்தவள் நான். பத்தொன்பது வருடம் எட்டு மாதத்தை இருபதாக்கியவள் நான். பத்திரிகைக்கு அனுப்பும் ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவரின் ஒரு பக்கத்தை இரண்டு பக்கமாக்கித்தான் என் பெயரைப் போட்டு வந்திருக்கிறேன். ஒரு வித்தியாசம் உண்டு. என் பாத்திரங்களை யாரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து விசாரித்ததில்லை.

முடிவுகளும் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றில் அந்தக் கண்ணாடி அம்மாள் பாப்பா தானே எழுதிய பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கிறார். ஒன்றில் அந்த இடத்துக்கு வேறு ஒருத்தி வந்து, அந்தப் புது மருத்துவமனையில், எண்ணாமலே

வேண்டாம். இரண்டையும் விட்டுவிட்டேன். அவளுக்கே தெரியாத ஒன்றை அவளுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்வது நியாயமாகப் படவில்லை.

8

நேர்காணல் முடிந்து இன்று பதினோராவது நாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் மேசையின் மறுமுனையில் பாப்பா உட்கார்ந்திருக்கிறாள். ஃபோனை மல்லாக்க வைத்திருக்கிறாள். அது சிணுங்கியதும் இரண்டு பேரின் கையும் ஒன்றாகப் போயிற்று.

மருத்துவமனை இல்லை. அந்த நிறுவனம். "எங்கள் சேவை பிடித்திருந்ததா? உங்கள் நிபுணருக்கு நட்சத்திரம் வழங்குங்கள்." அடியில் அதே மனிதப் பெயர். அதற்கு மேல் ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

"ஒண்ணு போடு," என்றேன். "அதுவே அதிகம்."

விரலைக் கொண்டுபோனாள். நிறுத்தினாள்.

"ஒண்ணு போட்டா அந்த ஆளை வேலையை விட்டு எடுத்துருவாங்களா பெரியம்மா?"

"அப்படி ஒரு ஆளு இருக்கானோ இல்லையோ."

"இருந்தா?"

"இருந்தா எடுக்கட்டும். உனக்குப் பண்ணினதுக்கு."

"என்னை வேலையை விட்டு எடுத்தப்போ யாரும் இவ்ளோ நேரம் யோசிச்சிருக்க மாட்டாங்க, இல்ல?"

"அதனாலதான் சொல்றேன், ஒண்ணு போடு."

"அதனாலதான் கை வர மாட்டேங்குது." திரை மங்கியது. தொட்டு மறுபடி எழுப்பினாள். "நெறைய நட்சத்திரம் போட்டேன்னா, என்னை மாதிரி இன்னொருத்தி அதைப் பாத்துட்டுப் பணம் கட்டுவா. அதுலயும் என் பேருதானே இருக்கும்."

பிறகு ஓர் எண் சொன்னாள். எனக்குச் சம்மதமில்லை. வாக்குவாதம் கொஞ்சம் நீண்டது. கடைசியில் அவளே சொன்னாள்:

"எங்க ரூம்ல ரெண்டு பேரு எண்ணிக்கை ஒத்து வரலைன்னா மூணாவது ஆளைக் கூப்பிடுவோம். மொதல் ரெண்டு பேரும் என்ன சொன்னாங்கன்னு அவங்ககிட்ட சொல்ல மாட்டோம்."

நான் ஒன்று என்றதை உங்களிடம் ஏற்கெனவே உளறிவிட்டேன். அதை மறந்துவிடுங்கள். அவள் சொன்ன எண்ணை மட்டுமாவது எழுதாமல் காப்பாற்றியிருக்கிறேன். அவள் எழுதிய பக்கம் இதோ இருக்கிறது, அவர்கள் எழுதிய இரண்டு பக்கமும் இருக்கிறது, கீழே ஒரு பெயரும் இருக்கிறது. மூன்றாவது ஆளுக்கு நாற்காலி காலிதான். உட்கார்ந்து, நிதானமாக எண்ணிப் பார்த்து, எத்தனை நட்சத்திரம் என்று சொல்லுங்கள்.