காட்டிலையும் தெருவிலையும்

காட்டுப் பட்டுப்பூச்சிக்குச் சிறகு முளைத்தபின் சாப்பாடே கிடையாது. சாப்பிட வாயும் கிடையாது. புழுவாக இருக்கும்போதே ஆயுசுக்கும் தின்று முடித்துவிட வேண்டும். அப்படிப்பட்ட ஜீவன் கிடைத்ததைத் தின்று வைக்குமா என்றால், வைக்காது. காட்டு மரம் ஒன்றின் இலை மட்டும்தான் இறங்கும். அந்த மரத்துக்கு இப்போது பட்டைநோய் வந்து, மலைச்சரிவு முழுக்கக் காய்ந்து நிற்கிறது. மரம் போனால் புழுவும் போகும்.

பூச்சிக்காரி இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு அந்தப் பெயர்தான்; முகத்துக்கு நேரே மேடம், தலை மறைந்தால் பூச்சிக்காரி. இயக்குநர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் சீக்கிரமே கும்பிடு போட்டுவிடுவார். "இருக்கற பூச்சிய ஊசி குத்திக் கண்ணாடிப் பெட்டியில வச்சிடுவோம்மா" என்று சொல்லி வளர்ப்பறையைப் பூட்டச் சொன்னார்.

"உயிரோட இருக்கறதுக்கு நான் பாடை கட்ட மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, முட்டைகளைத் தட்டுகளோடு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

தெருவெல்லாம் நிழலுக்கு நிற்கிறதே ஒரு மரம், அது காட்டு மரத்துக்குத் தூரத்துச் சொந்தம். அந்த இலையைத் தின்னும் நாக்கு நூற்றில் ஒரு புழுவுக்காவது பிறவியிலேயே இருக்கலாம். இருந்தால் அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும். கண்டுபிடிக்க அவள் போட்ட திட்டம் கொஞ்சம் ஈவிரக்கமில்லாதது. பொரிந்த புழுக்களுக்குத் தெருவிலையை மட்டும் போடுவது. தின்பது பிழைக்கும், தின்னாதது போகும். காட்டிலை கண்ணிலேயே படக் கூடாது. அதை ஒரே ஒரு கடி கடித்துவிட்ட புழு, பிறகு செத்தாலும் வேறு இலையைத் தொடாது. அவ்வளவு வீம்பு.

பின்னறையில் தட்டுகளை வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு தட்டிலும் ஒரே தாயின் முட்டைகள். தாய்ப்பூச்சிகளை மலையடிவாரத்தில் நூலால் கட்டி வைத்து, வாசனை பிடித்து வந்த காட்டு ஆண்களோடு சேரவிட்டிருந்தாள். அதனால் தாய் யாரென்று தெரியும். அப்பனைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது.

கேட்காமலே காரியத்தைக் கெடுக்க அக்கா இருந்தாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரி. பசி என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் கை தானாகக் கரண்டியைத் தேடும். முதல் நாள் பொரிந்த புழுக்கள் தெருவிலையைச் சீண்டாமல் தட்டின் விளிம்பில் அலைந்ததைச் சாயங்காலம் எட்டிப் பார்த்தாள். வேர் விடுகிறதா பார்ப்போம் என்று தங்கை வாளியில் ஊன்றியிருந்த காட்டு மரக்கிளை பக்கத்திலேயே இருந்தது. இலையை உருவி, பாரபட்சமில்லாமல் எல்லாத் தட்டிலும் பரிமாறிவிட்டாள்.

விடிந்ததும் பூச்சிக்காரி கதவைத் திறந்தாள்.

"யாருக்கா இதுல கைய வச்சது?"

"நான்தான். தலையத் தூக்கித் தூக்கித் தேடுதுங்கடி. பாத்துட்டு எனக்குச் சோறு எறங்கல."

"எல்லாம் போச்சு! வருசம் பூரா பட்ட பாடு ஒரு சாயங்காலத்துல போச்சு!"

"பட்டினி போட்டுக் கொல்றதுக்குப் பேரு படிப்பா?"

பூச்சிக்காரிக்கு அழுகை முட்டியது. அழுதால் அக்கா ஜெயித்ததாகிவிடும் என்பதால் அழவில்லை. கழுவிவிடலாம் என்று தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். எல்லாப் புழுக்களும் காட்டிலையில்தான் அப்பிக் கிடந்தன. ஜன்னலோரத் தட்டில் கை நின்றது. அதில் மட்டும் சில புழுக்கள் தெருவிலையில் இருந்தன. விளிம்பில் கடித்த தடம், கீழே பொடிப்பொடியாக எச்சம். பக்கத்திலேயே விருந்து விரித்திருக்க, அதை விட்டுவிட்டு இதைத் தின்றிருக்கின்றன.

அவசரப்பட்டுக் குதிக்கவில்லை அவள். அக்கா விருந்து வைப்பதற்கு முன்பே பசி தாங்காமல் தெருவிலையைக் கடித்து, அதையே பிடித்துக்கொண்ட வீம்பாகவும் இருக்கலாம். ஆனால் எல்லாத் தட்டிலும் இன்னும் முட்டைகள் பாக்கி இருந்தன. காலை வெயில் பட்டதும் அவை பொரியத் தொடங்கின. புதிதாக வந்தவற்றுக்குப் பசியின் கட்டாயம் இல்லை, முதல் கடியின் பழக்கமும் இல்லை. முட்டை ஓட்டைக் கொறித்து முடித்தவற்றைத் தட்டுக்குத் தட்டு நடுவில் விட்டு, இருபுறமும் சம தூரத்தில் இரண்டு இலைகளையும் வைத்தாள்.

அக்காவும் வந்து குனிந்தாள். கோபமெல்லாம் இருக்கட்டும், வேடிக்கையை விட முடியுமா?

ஜன்னலோரத் தட்டில் முதல் புழு நேராகக் காட்டிலைக்குப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது தெருவிலையில் ஏறி, தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டது.

"போச்சு" என்றாள் அக்கா.

அது காட்டிலையின் விளிம்பை முகர்ந்தது. திரும்பியது. மறுபடி தெருவிலையில் ஏறிக் கடித்தது. பின்னால் இன்னொன்று, அப்புறம் இன்னும் நாலு. வெயில் உச்சிக்கு வருவதற்குள் அந்தத் தட்டில் புதிதாகப் பொரிந்தவற்றில் ஏறக்குறையப் பாதி தெருவிலையில் இருந்தன. மற்றத் தாய்களின் தட்டுகளில் ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. இது பசியுமில்லை, பழக்கமுமில்லை, ரத்தத்தில் வந்தது. பூச்சிக்காரி அந்தப் புழுக்களை மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அவ்வளவு சந்தோஷம்.

"அப்புறம் என்ன? இதுங்களுக்குள்ளயே சோடி சேத்து விட்டுடு" என்றாள் அக்கா.

"ஒரு வயித்துப் பிள்ளைங்கள எப்படிக்கா சேக்கறது? ரெண்டு தலைமுறைல நோஞ்சானாயிடும், முட்டையே பொரியாது. வெளிச் சம்பந்தம்தான் வேணும். பொறந்ததுல பாதிக்கு வந்திருக்குன்னா, அப்பனோ ஆத்தாளோ ஒருத்தர் குடுத்தாலே போதும்போல. வெளியில கட்டினாலும் பிள்ளைங்கள்ல பாதிக்கு எறங்கும்..."

மற்றத் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். நாலைந்து தாய்களிடமிருந்தாவது தெருவிலைக்காரர்கள் வருவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள். வந்தது ஒரே தாய். மலை காய்ந்த பிறகு காட்டு ஆண் இனிக் கிடைக்காது; வெளிச் சம்பந்தம் என்றால் மற்றத் தட்டுகளில் வயிறு நிறைந்து கிடக்கும் இவைதான். அவள் திட்டப்படி நடந்திருந்தால் இரண்டொரு நாளில் அத்தனையும் செத்திருக்கும். மிஞ்சியிருப்பது அண்ணன் தங்கைகள் மட்டும். வெட்கமாக இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது.

வாளிக் கிளை மொட்டையாக நின்றது. நிலையத்து மதிலோரம் உயிரோடு இருப்பது ஒரே ஒரு காட்டு மரம், அதுவும் பாதி காய்ந்தது. பூச்சிக்காரி அரிவாளைத் தேடி எடுத்தாள்.

"அத வெட்டினா மரம் தாங்குமாடி?"

"தாங்காது. எப்படியும் போற மரம்தான்க்கா. சும்மா காஞ்சு போறதுக்கு, இதுங்க வயித்துக்குள்ள போகட்டும்."

"அடுத்த தலைமுறைக்குத் தெருவிலை எறங்கலன்னா? திரும்பி வர மரம்கூட இருக்காதே."

"எறங்கும். எறங்க வைக்கறேன்."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே விடாமல் கேட்டாள். "அப்ப நேத்து நான் போட்டது நல்லதுன்னு ஒத்துக்கறியா?"

"ஒத்துக்க மாட்டேன். நீ பண்ணது தப்புதான்" என்றாள் தங்கை. "இதுங்க கூடு கட்டற வரைக்கும் தெனம் அந்தத் தப்பப் பண்ணு."